பெரிய நோயிலிருந்து மீண்டவர்களும் ஆஸ்திரேலியத் திறன்சார் குடியேற்ற விசாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய், காசநோய், இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று என ஏதோவொரு பெரிய நோயைக் கடந்து வந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் திறன்சார் குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்க முனையும்போது எழுப்பும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விடைகள், வயது, பணி அனுபவம் போன்றவற்றுக்குத் தரப்படும் புள்ளிகளின் அடிப்படையில் வழங்கப்படும் 189, 190, 491 விசாக்களைப் பற்றியவை. வேலை தரும் நிறுவனத்தின் வழியாகப் பெறும் விசாக்கள் கடைசிப் பகுதியில் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கேன்சர் வந்தவங்களுக்கு ஆஸ்திரேலியா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை இல்லை. எந்த நோயின் பெயரும் தானாகவே ஒருவரைத் தகுதியற்றவராக்குவதில்லை. இதில் தனித்து நிற்பது தற்போது செயலில் உள்ள காசநோய் மட்டுமே. அதற்கும்கூட, சிகிச்சை முடியும்வரை விசா இல்லை என்பதுதான் பொருளே தவிர, என்றைக்கும் இல்லை என்பதல்ல.

குடியேற்ற விதிகளில் 4005 என்ற எண்ணுடைய பொதுநல நிபந்தனை மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. விண்ணப்பதாரரால் பிறருடைய உடல்நலத்துக்கு ஆபத்து உண்டா, அவருடைய மருத்துவத்துக்கும் சமூக நலச் சேவைகளுக்கும் அரசுக்குப் பெருஞ்செலவு ஏற்படுமா, பற்றாக்குறையாக உள்ள ஒரு சேவையை அவர் பயன்படுத்துவதால் ஆஸ்திரேலியர் எவருக்கேனும் அது கிடைக்காமல் போகுமா என்பவையே அவை. மூன்றுமே இனி நடக்கப்போவதைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு முன்பு என்ன வந்தது என்று அவர்கள் கேட்பது, இனி உங்களுக்கு என்ன தேவைப்படும் என்று கணிப்பதற்காகத்தான். கீழே உள்ள பல விடைகள் இந்த ஒரு புள்ளியிலிருந்தே கிளைக்கின்றன.

86,000 டாலர்னு ஒரு கணக்கு சொல்றாங்களே, அது என்ன?

முந்தைய விடையில் 'பெருஞ்செலவு' என்று சொன்னதன் வரம்பு அது. 2024 ஜூலை 1 முதல் இந்த வரம்பு 51,000 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தப்பட்டது. உங்கள் உடல்நிலையால் ஆஸ்திரேலிய அரசுக்கு ஆகக்கூடிய மொத்தச் செலவு இந்தத் தொகையைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டால், 4005 நிபந்தனையை நீங்கள் நிறைவு செய்யவில்லை என்று பொருள்.

நிரந்தர விசாவுக்குப் பொதுவாக 5 ஆண்டுச் செலவு கணக்கிடப்படுகிறது. ஆனால் நோய் நிரந்தரமானதாகவும், அதன் போக்கு 5 ஆண்டுகளுக்கு அப்பாலும் ஓரளவு கணிக்கக்கூடியதாகவும் இருந்தால் அதிகபட்சமாக 10 ஆண்டுகள் வரை கணக்கிடலாம். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்: காலம் இரட்டிப்பானாலும் வரம்பு இரட்டிப்பாவதில்லை. 5 ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்கு 17,200 டாலர் வரை இடமிருக்கிறது. 10 ஆண்டுக் கணக்கில் அது 8,600 டாலராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒருமுறை பெரிய சிகிச்சை பெற்று முடித்தவரைவிட, வாழ்நாள் முழுவதும் நடுத்தர விலையுள்ள ஒரு மருந்தை எடுத்துக்கொள்பவரே சிக்கலில் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம்.

மருத்துவமனைச் செலவும் மருந்துச் செலவும் மட்டும் இதில் அடங்குவதில்லை. உடற்குறைபாட்டு ஓய்வூதியம் போன்ற அரசு உதவித்தொகைகளும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன.

எனக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. படிவத்துல கேன்சர் பத்தி அஞ்சு வருஷம்தானே கேட்டிருக்கு? சொல்லாம விடலாமா?

மருத்துவப் பரிசோதனையின்போது நீங்கள் விடையளிக்கும் உடல்நல வரலாற்றுக் கேள்விகளில், புற்றுநோய் பற்றிய கேள்வி கடந்த 5 ஆண்டுகளையே குறிப்பிடுகிறது என்பது சரி. ஆனால் அதே பட்டியலில், நீண்டகால மருத்துவச் சிகிச்சையோ, பலமுறை மருத்துவமனையில் தங்கியதோ, பெரிய அறுவை சிகிச்சையோ எப்போதேனும் உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கால வரம்பு கிடையாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் மார்பக அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்ற ஒருவர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லலாம். இரண்டாவதற்கு 'ஆம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். மருத்துவரின் பரிந்துரைப்படி மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்பதும் தனிக் கேள்வியாக வரும்.

விசா விண்ணப்பத்திலும் இதே போன்றதொரு கேள்வி உண்டு: புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் முதலியவற்றுக்காக ஆஸ்திரேலியாவில் மருத்துவச் செலவோ, சிகிச்சையோ, தொடர் பரிசோதனையோ தேவைப்படும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பதும் தொடர் பரிசோதனைதான். 'எனக்குத்தான் குணமாகிவிட்டதே' என்று அங்கே 'இல்லை' எனக் குறிப்பது தவறான விடையாகிவிடும்.

மறைச்சா அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?

தழும்பு சொல்லிவிடும், எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும், பின்னாளில் ஆஸ்திரேலியாவில் நீங்கள் மருத்துவரிடம் சொல்லும் வரலாறும் பதிவாகும். அது ஒருபுறமிருக்க, பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவல் கொடுத்ததாக 4020 என்ற நிபந்தனையின் கீழ் நிராகரிக்கப்பட்டால், அந்த நிபந்தனை பொருந்தும் விசாக்களை 3 ஆண்டுகளுக்குப் பெற முடியாது. விசா கிடைத்த பிறகு தெரியவந்தால் அதை ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. உண்மையைச் சொல்லி உடல்நல அடிப்படையில் மட்டும் நிராகரிக்கப்பட்டவருக்கு அப்படிப்பட்ட தடைக்காலம் எதுவுமில்லை. அவர் மறுநாளே வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். தேறியிருக்க வேண்டிய ஒரு விண்ணப்பத்தை நோய் கெடுப்பதைவிட மறைப்பு கெடுப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

மெடிக்கலை எப்ப செய்யணும்? இன்விடேஷன் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு தெரிஞ்சுக்கலாமா?

விண்ணப்பிக்கும் முன்பே உடல்நல விவரங்களைப் பதிந்து, ஹெச்.ஏ.பி. எண் எனப்படும் பரிசோதனை எண்ணைப் பெற்றுக்கொள்ளும் வசதி, இம்மிஅக்கவுண்ட் என்ற ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறையின் இணையவழி விண்ணப்பத் தளத்தில் இருக்கிறது. ஆனால் பரிசோதனை முடிவுகள் பொதுவாக 12 மாதங்களுக்கே செல்லும். புள்ளிகள் குறைவாக இருந்து, விண்ணப்பிக்குமாறு அரசு அனுப்பும் அழைப்பு தாமதமானால் செய்த செலவு வீணாகும்.

நோய் வரலாறு உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பரிசோதனையை முன்கூட்டிச் செய்வதைவிட ஆவணங்களை முன்கூட்டித் திரட்டுங்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 60 நாள்தான் அவகாசம். அதற்குள் பழைய மருத்துவமனையிலிருந்து பயாப்சி அறிக்கை வாங்குவது பலருக்கு முடியாத காரியமாகிவிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் 4,000 டாலருக்கு மேல் என்பதையும், உடல்நல அடிப்படையில் நிராகரிக்கப்பட்டால் அது திரும்பி வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பேனல் டாக்டர்தான் முடிவு பண்ணுவாரா? அவர்கிட்ட நல்லபடியா பேசினா போதுமா?

இல்லை. சென்னை, கொழும்பு உள்ளிட்ட நகரங்களில் ஆஸ்திரேலிய அரசு அங்கீகரித்த பேனல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, புகைப்படம் எடுத்து, உயரம், எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தம், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்து, எல்லாவற்றையும் இமெடிக்கல் என்ற மென்பொருளில் ஏற்றுவார்கள். குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவுமில்லை என்றால் 'ஏ' என்றும், இருந்தால் 'பி' என்றும் தரப்படுத்துவார்கள். புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கு 'பி' வருவது இயல்பே. அதைத் தோல்வியாக எண்ணிக் கலங்க வேண்டாம்.

'பி' என்று வந்தவை ஆஸ்திரேலியாவில் உள்ள காமன்வெல்த் மருத்துவ அலுவலரின் பார்வைக்குச் செல்லும். கருத்துச் சொல்பவர் அவர்தான். அவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டுமே பார்க்கிறார். அடுத்த கேள்விக்கு நீண்ட விடை எழுதியிருப்பது அதனால்தான்.

எங்க டாக்டர் 'ஃபிட்'னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரு. அது போதாதா?

போதாது. நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சான்றிதழ் இரண்டு வரிகளில் முடிந்துவிடும்: 'இவர் என் சிகிச்சையில் இருந்தார். தற்போது நலமாக இருக்கிறார், பயணம் செய்யவும் வேலை செய்யவும் தகுதியானவர்.' மருத்துவ அலுவலர் கணிக்க வேண்டியது அடுத்த 5 ஆண்டுச் செலவை; அதற்கு உதவும் எதுவும் இந்த இரண்டு வரிகளில் இல்லை. 'வேலைக்குத் தகுதி' என்பதை அவர் கேட்கவே இல்லை.

பயனுள்ள கடிதம் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு அது இவ்வாறு அமையலாம்: நோய் கண்டறியப்பட்ட மாதமும் ஆண்டும், பயாப்சியின்படி புற்றுநோயின் வகை, அறுவை சிகிச்சையின்போது தெரிந்த நிலை, நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்ததா என்பது, என்ன அறுவை சிகிச்சை, எத்தனை சுற்றுக் கீமோதெரபி, கடைசிச் சுற்று எந்தத் தேதியில் முடிந்தது, அதன்பின் எடுத்த ஸ்கேன், கொலனோஸ்கோபி, சி.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனைகளின் தேதிகளும் முடிவுகளும். இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள், எதுவுமில்லை என்றால் எதுவுமில்லை என்ற தெளிவான வாக்கியம். இனி என்னென்ன பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு காலம். இந்த வகைக்கும் நிலைக்கும் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு பற்றி மருத்துவரின் மதிப்பீடு. இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கும்.

நம் மருத்துவர்கள் பலர் கடைசி இரண்டையும் எழுதத் தயங்குவார்கள். நோயாளியிடம் நோய் திரும்பும் வாய்ப்பை எண்ணாகச் சொல்லிப் பழகாததாலோ, பின்னால் தம்மைப் பொறுப்பாக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தாலோ, 'கடவுள் அருளால் நன்றாக இருப்பார்' என்ற தொனியில் முடித்துவிடுவார்கள். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். கடிதம் ஆங்கிலத்தில், கையொப்பம், பதிவு எண், தேதியோடு, கடந்த சில மாதங்களுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

பழைய ஃபைலே தொலைஞ்சு போச்சு. என்ன பண்றது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்றாண்டுக்குப் பிறகு கிடைப்பது மருத்துவமனையின் வழக்கத்தைப் பொறுத்தது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் நோயாளி எண்ணைச் சொன்னால் பழைய பதிவை எடுப்பது எளிது. அந்த எண் எழுதிய அட்டை வீட்டுப் பீரோவில் எங்கேனும் கிடக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பயாப்சி செய்த ஆய்வுக்கூடத்தில் உங்கள் திசு மாதிரியின் கண்ணாடி ஸ்லைடுகளோ மெழுகுக் கட்டியோ இருந்தால் அவற்றை வைத்து மறுஅறிக்கை பெறலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்த உரிமைக் கோரிக்கையோடும் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் போயிருக்கும்.

எதுவுமே கிடைக்காவிட்டால், இப்போது உங்களைப் பார்க்கும் நிபுணர் தாம் கேட்டறிந்த வரலாற்றையும் புதிய பரிசோதனை முடிவுகளையும் வைத்து, ஆவணங்கள் ஏன் இல்லை என்பதையும் குறிப்பிட்டு எழுதலாம்.

அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் காத்திருந்து அப்ளை பண்ணலாமா?

ஐந்தாண்டு என்ற எண்ணுக்கு ஆஸ்திரேலிய விதிகளில் மந்திர சக்தி எதுவும் கிடையாது. நோய் திரும்பும் வாய்ப்பு பல புற்றுநோய்களில் முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம் என்பதால், காலம் செல்லச் செல்லக் கணிக்கப்படும் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் தொடக்க நிலைத் தைராய்டு புற்றுநோய்க்கு இரண்டாண்டு ஆனவரின் நிலையும், நான்காம் நிலையிலிருந்து மீண்டு ஆறாண்டு ஆனவரின் நிலையும் ஒன்றல்ல.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. வயதுக்கான புள்ளிகள் 25 முதல் 32 வரை 30, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் இந்த விசாக்களுக்கு அழைப்பே கிடையாது. 38 வயதில் சிகிச்சை முடித்த ஒருவர் ஐந்தாண்டு காத்திருந்தால், கோப்பு வலுவாகும் அதே வேளையில் 10 புள்ளிகளை இழப்பார்; குறைந்தபட்சத் தகுதி 65 புள்ளிகள்தான் என்றாலும் அழைப்பு வருவது அதைவிட உயரத்தில் என்பதால் அந்தப் பத்து அவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடக்கூடும். கோப்பு வலுவாவதையும் புள்ளி குறைவதையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சிகிச்சை முடிஞ்சுது, ஆனா தினமும் மாத்திரை சாப்பிடறேன். அது பிரச்சினையா?

மாத்திரையின் விலையைப் பொறுத்தது. தைராய்டை எடுத்தவர்கள் உட்கொள்ளும் தைராக்ஸின், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தரப்படும் டாமாக்ஸிஃபென், ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் மலிவானவை. இவற்றால் மட்டும் 86,000 டாலரை எட்ட வழியில்லை. புதிய இலக்குநோக்கு மருந்துகள், சில உயிரியல் ஊசிகள் ஆகியவற்றின் கதை வேறு.

பி.பி.எஸ். என்ற ஆஸ்திரேலிய மருந்து மானியத் திட்டத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் விலை போட்டிருக்கும். நோயாளி கட்டும் சிறு தொகையைப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். அதிகபட்ச அளவுக்கான முழு வழங்கல் விலையைப் பாருங்கள், ஏனென்றால் மீதியை ஏற்பது அரசு. அதை ஆண்டுக்கு எத்தனை முறை வாங்குவீர்களோ அதனால் பெருக்கினால் உங்கள் நிலவரம் தெரிந்துவிடும். இந்தியாவில் இந்த மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்பது இங்கே செல்லாது.

நானே இன்சூரன்ஸ் எடுத்துக்கறேன், செலவை நானே பாத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா?

189, 190, 491 விசாக்களில் அது எடுபடாது. உங்களைப் போன்ற அதே நோயும் அதே கடுமையும் கொண்ட ஒரு கற்பனை மனிதர் என்னென்ன சேவைகளுக்குத் தகுதி பெறுவார் என்றுதான் மருத்துவ அலுவலர் கணக்கிடுகிறார். அந்தச் சேவையை நீங்கள் உண்மையில் பயன்படுத்துவீர்களா இல்லையா என்பதைப் பார்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மாமா உறுதிமொழி எழுதித் தந்தாலும் இதே விடைதான்.

இந்தக் கற்பனை மனிதர் விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. நோயின் பெயரை மட்டும் வைத்துப் பொதுவாக மதிப்பிடக் கூடாது, விண்ணப்பதாரருக்கு உள்ள வடிவத்திலும் கடுமையிலும் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது. நிபுணரின் கடிதத்தில் நோயின் நிலை துல்லியமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்ன வயசுல டி.பி. வந்து குணமாயிடுச்சு. எக்ஸ்ரேல தழும்பு தெரியுமே?

தெரியும், அதனால் தாமதமும் ஆகும். பழைய தழும்பா, உயிருள்ள கிருமியா என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதபோது வெவ்வேறு நாட்களில் மூன்று முறை சளி எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்; அதன் இறுதி முடிவுக்கு 8 வாரம் வரை ஆகலாம். பழைய எக்ஸ்ரே படமும், எந்த மருந்துகளை எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்ற சான்றும் இருந்தால் வேலை எளிதாகும். அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றிருந்தால், 2012இல் தொடங்கிய நிக்ஷய் பதிவேட்டில் விவரம் இருக்கக்கூடும்.

பரிசோதனையில் கிருமி இல்லை என்றானபின், 815 என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடச் சொல்லலாம். ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த 28 நாட்களுக்குள் அங்குள்ள சுகாதாரச் சேவையைத் தொடர்புகொண்டு தொடர் கண்காணிப்புக்கு உட்படுவதாக ஒப்புக்கொள்வதே அது. அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

கிட்னி மாத்தி வச்சிருக்கு. வாய்ப்பே இல்லையா?

புள்ளிகள் வழி விசாக்களில் மிகக் கடினம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பு மாற்றும் டயாலிசிஸும் ஆஸ்திரேலியாவில் பற்றாக்குறையான சேவைகளாகக் கருதப்படுகின்றன. மாற்றிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் நீண்டகாலச் செலவும், அது பழுதானால் மீண்டும் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பும் சேர்ந்து கணக்கிடப்படும். சிறுநீரகம் கொடுத்தவரின் நிலை வேறு. ஒற்றைச் சிறுநீரகம் சரியாக இயங்குகிறது என்று கிரியேட்டினின் அளவு காட்டினால் பொதுவாகத் தடையிருக்காது.

வந்தது என் மனைவிக்கு. அவங்களைச் சேக்காம நான் மட்டும் போட்டா தப்பிக்கலாமா?

முடியாது. புள்ளிகள் வழி விசாக்களில் குடும்ப உறுப்பினர் ஒருவர் உடல்நல நிபந்தனையில் தவறினாலும் எல்லோருக்கும் விசா மறுக்கப்படும். உடன் வராத கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அவர்களைப் பரிசோதிக்கச் சொல்வது நியாயமற்றது என்று குடியேற்றத் துறை ஏற்றுக்கொள்ளும் அரிதான சூழல்களே விதிவிலக்கு. பெற்றோர் உங்கள் விண்ணப்பத்தில் இடம்பெறாததால் அவர்களுடைய நோய் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

சிகிச்சைக்காக ஒன்றரை வருஷம் வேலைக்குப் போகலை. அதையும் நோண்டுவாங்களா?

நோயைப் பற்றி அல்ல, அனுபவப் புள்ளிகளுக்காகக் கேட்பார்கள். வெளிநாட்டு அனுபவத்துக்குக் கடந்த 10 ஆண்டுகளில் 3 ஆண்டு இருந்தால் 5 புள்ளி, 5 ஆண்டுக்கு 10, 8 ஆண்டுக்கு 15. வாரம் குறைந்தது 20 மணி நேரம் ஊதியத்துடன் செய்த வேலைதான் சேரும். ஊதியமில்லா விடுப்பைச் சேர்த்து எட்டாண்டு என்று காட்டிவிட்டால், உடல்நலத்தில் தேறியவர் 4020இல் மாட்டிக்கொள்வார். அது பற்றி மறைத்தல் குறித்த விடையில் சொல்லியிருக்கிறேன். இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும்.

மெடிக்கல் முடிஞ்சு மாசக்கணக்கா ஒண்ணும் சொல்லலையே, நிராகரிச்சிடுவாங்களோ?

தாமதத்துக்கு அப்படிப் பொருளில்லை. 'பி' தரம் பெற்றவை வரிசையில் காத்திருக்கும். கூடுதலாக நிபுணர் அறிக்கை கேட்டால் இம்மிஅக்கவுண்ட்டில் தெரியும். அதைப் பேனல் மருத்துவர் வழியாகவே அனுப்ப வேண்டியிருக்கும். அப்படிக் கேட்பது பெரும்பாலும் முதல் கடிதத்தில் ஏதோ விடுபட்டதால்தான்.

'நிபந்தனையை நிறைவு செய்யவில்லை, கருத்துச் சொல்லுங்கள்'னு லெட்டர் வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சுதா?

முடியவில்லை. நிராகரிக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டியது அவர்களின் கடமை. பொதுவாக 28 நாள் கிடைக்கும். கடிதத்தோடு மருத்துவ அலுவலரின் கருத்தும் இருக்கும். எந்த நோய், எந்தெந்தச் சேவைகள், எவ்வளவு செலவு என்று அவர் கணித்திருக்கிறார் என்பதை வரிவரியாகப் படியுங்கள்.

விசா அதிகாரியிடம் மன்றாடிக் கடிதம் எழுதுவதில் பயனில்லை; மருத்துவ அலுவலரின் கருத்தைச் சரியானதாகவே அவர் ஏற்க வேண்டும் என்பது விதி. எனவே அந்தக் கருத்தையே மாற்றும் புதிய மருத்துவச் சான்று வேண்டும். நிறுத்திவிட்ட மருந்தைத் தொடர்வதாக எண்ணியிருக்கிறாரா, விலை குறைந்த ஜெனரிக் மருந்துக்குப் பழைய விலையைப் போட்டிருக்கிறாரா, உங்களுக்கு இல்லாத கடுமையைக் கருதியிருக்கிறாரா என்று உங்கள் நிபுணர் குறிப்பாகச் சுட்டிக்காட்டி எழுதினால், புதிய சான்றுகள் மீண்டும் மருத்துவ அலுவலரின் பரிசீலனைக்குச் செல்லும். 28 நாளுக்குள் நிபுணரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கடிதம் வந்த அன்றே நேரம் வாங்கிவிடுங்கள்.

நிராகரிச்ச பிறகு அப்பீல் உண்டா?

ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விண்ணப்பித்தவர்கள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபர் 14 முதல் பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் இது இயங்குகிறது. அங்கே புதிதாக ஒரு மருத்துவக் கருத்தைப் பெறவும் வழியுண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு 189 விசாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவர்களுக்கு முந்தைய விடையில் சொன்ன 28 நாளே பெரும்பாலும் கடைசி வாய்ப்பு.

'வெய்வர்'னு ஒண்ணு இருக்கு, அதைக் கேளுன்னு ஒருத்தர் சொன்னாரு. அது எனக்குக் கிடைக்குமா?

சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 4005 நிபந்தனையில் விலக்குக்கு இடமே இல்லை. 189 விசாவின் புள்ளிகள் பிரிவும் 190, 491 விசாக்களும் அதன் கீழ்தான் வருகின்றன. விலக்குக்கு இடமளிப்பது 4007 என்ற நிபந்தனை. வேலை தரும் நிறுவனத்தின் வழியாகப் பெறும் 482 தற்காலிக விசாவும், அதிலிருந்து நிரந்தர வசிப்புரிமைக்குப் போகும் 186 விசாவின் மாற்றப் பிரிவும் 4007இன் கீழ் வருபவை. அதே 186 விசாவின் நேரடிப் பிரிவு 4005இன் கீழ் வருவதால், எந்தப் பிரிவு என்று கேட்காமல் '186 போதும்' என்று சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள்.

இதில் இன்னொரு சாதகமும் உண்டு. 482 தற்காலிக விசா என்பதால் செலவு நீங்கள் தங்கும் காலத்துக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. அங்கே ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் இரண்டாண்டு வேலை செய்தபின் 186 மாற்றப் பிரிவுக்குப் போகலாம். அப்போது வரம்பைத் தாண்டினாலும், செலவு நியாயமற்ற சுமையாகாது என்று காட்டி விலக்குக் கோரலாம். உங்கள் திறனால் நாட்டுக்குக் கிடைக்கும் பயன், செலவைக் குறைக்க உங்களிடம் உள்ள வழிகள், அங்கே வேரூன்றிய பிள்ளைகளின் நலன் எல்லாம் அங்கேதான் பேசப்படும். விலக்கு உரிமையல்ல, அதிகாரியின் விருப்புரிமை. செயலில் உள்ள காசநோய்க்கு அது பொருந்தாது.

ஆஸ்திரேலியா இல்லேன்னா கனடா, நியூசிலாந்து சுலபமா?

சுலபம் என்று சொல்ல முடியாது, கணக்கு வேறு. கனடாவும் 'அளவுமீறிய தேவை' என்ற பெயரில் வரம்பு வைத்திருக்கிறது. 2018இல் அதை மூன்று மடங்காக்கி, சிறப்புக் கல்வி போன்ற சில செலவுகளைக் கணக்கிலிருந்து நீக்கியது. நியூசிலாந்து 2022இல் தன் வரம்பை 81,000 நியூசிலாந்து டாலராக்கியது. ஆனால் அங்கே பெருஞ்செலவு நோய்ப் பட்டியல் ஒன்று வெளிப்படையாகவே இருக்கிறது. கடந்தகாலப் புற்றுநோயும் அதில் உண்டு. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய், தொடக்க நிலைப் பெருங்குடல் புற்றுநோய், குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு 5 ஆண்டு முடிந்தால் விலக்கு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் சொல்லும் 'அஞ்சு வருஷம்' அங்கிருந்துதான் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஏஜென்ட் வைக்கணுமா?

நோய் முழுமையாக நீங்கி, மருந்து எதுவுமின்றி, மேலே சொன்ன கடிதமும் கையில் இருந்தால் நீங்களே செய்யலாம். தொடர் மருந்து, சிறுநீரக மாற்று, விலக்குக் கோரிக்கை, 28 நாள் கடிதம் ஆகிய நான்கிலும் ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற முகவரையோ வழக்கறிஞரையோ அணுகுவதே அறிவுடைமை. முகவரின் ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, முகவர் பதிவு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 'அந்தக் கேள்விக்கு இல்லைன்னு போட்டுடுங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க' என்று சொல்லும் இடத்தில் கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் நீங்கள்தான், அவர் அல்ல.